தலைகீழாய்ப் போன படகு

"பதுர்தீன் நாநா, இண்டைக்கு அஸர் தொழுகைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. இல்லாட்டி றொபியப் பொலிசுல குடுக்கத்தான் வேணும்," என்றாள் மர்ளியா, வாசலில் நின்றபடியே.

ஆலங்குடாக் கடற்கரையில் பாழடைந்து கிடந்த பழைய பங்களாவை, யுத்தம் முடிந்த கையோடு வாங்கித் திருத்தி ஹோட்டலாக்கியவள் அவள். டொல்பின் பார்க்கக் கூட்டிப்போகும் அவளுடைய படகு நேற்று ஜும்ஆத் தொழுகை நேரத்தில் காணாமல் போயிருந்தது. ஆண்களெல்லாம் பள்ளியில். ஹோட்டலில் நின்ற ஒரே ஆண், படகோட்டி றொபி, கிறிஸ்தவ வேதக்காரப் பொடியன். குசினிப் பக்கம் படுத்துத் தூங்கினேன் என்கிறான். நம்ப ஆளில்லை.

"அறை துப்புரவாக்குற கமீலா மட்டும் அவன் இல்லயாம் எண்டு சத்தியம் பண்றாள். அதுதான் பெரிய கூத்து! யன்னல் எல்லாம் பூட்டின அறைய அவள் கூட்டிக்கொண்டு இருந்தாளாம். செவத்துல படகு தலைகீழாப் போச்சாம். வெள்ள ஜுப்பாக்காரன் ஒருத்தன் தலைகீழா நிண்டு தள்ளினானாம். தெக்குப் பக்கமாம். மெனேஜர் அஹமட் தெக்க உடப்பு ஊர் வரைக்கும் போய்த் தேடிட்டு வந்துட்டார், ஒண்டுமில்ல."

"ஜின் வேலைதான் சேர்!" என்றான் கில்பட். பதுர்தீன் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கில்பட் அவருடைய ஓட்டோக்காரன். துப்புத் துலக்குவதென்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு.

"ஜின்னுக்குப் படகு என்னத்துக்கு? ஓட்டோவ எடு," என்றார் அவர்.

ஹோட்டல் படியடியில் செருப்புகள் கிடந்தன. ஒரு சோடியில் மட்டும் கறுப்புச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. சுற்றிவர வெள்ளை மணல்தான்.

"யாருட செருப்பு?"

"என்டது," என்றான் அஹமட்.

"நேத்து எங்கெல்லாம் போனீங்க?"

"பள்ளிக்குப் போனேன். பொறகு தெக்க, கடக்கரை மணல்ல தேடினேன். வேற எங்க?"

கமீலாவின் கண்கள் அழுதழுது வீங்கியிருந்தன. "வல்லாஹி நாநா, கண்டேன். றொபி போடுற நீலச் சட்ட இல்ல அது. பொய்க்காரி எண்டு என்னையும் வேலையால நிப்பாட்டப் போறாங்க."

"வாங்க, எல்லாரும் அந்த அறைக்குப் போவோம். றொபி மட்டும் வெளிய கடக்கரையில நிக்கட்டும்."

கதவைச் சாத்தினார்கள். முதலில் கும்மிருட்டு. கண் பழகப் பழக, யன்னலுக்கு எதிர்ச் சுவர் மெல்லத் துலங்கியது. அட, கடல்! மேலே நீலமாய்க் கடல் அசைந்தது, கீழே வானம். அந்த வானத்தில் வெள்ளைக்காரர் விடும் பெரிய பட்டங்கள் தலைகீழாய்த் தொங்கின. அலை நுரைப்பது கூடத் தெரிந்தது.

"சுப்ஹானல்லாஹ்," என்று முணுமுணுத்தாள் மர்ளியா.

கில்பட் சிலுவை போட்டுக்கொண்டான். "மாதாவே, என்ன சேர் இது?"

"யன்னல் பலகையில ஒரு கணு விழுந்த ஓட்ட இரிக்கி, பாருங்க. அதுக்குள்ளால வெளிச்சம் நேராத்தான் வரும். மேல உள்ளது கீழ விழும், கீழ உள்ளது மேல." பிறகு குரலை உயர்த்தினார். "றொபி! வடக்கால நட!"

சுவரில் நீலச் சட்டை போட்ட சிறிய உருவம் தலைகீழாய் நடந்தது. தெற்குப் பக்கமாக.

"அல்லாஹ்வே! பக்கமும் மாறுது!" என்றாள் கமீலா.

"ஓம். நீங்க கண்டது உண்ம. சுவர்ல தெக்க போன படகு, கடல்ல வடக்க போயிருக்கு. வடக்க முனையச் சுத்தினா உப்புத்தண்ணிக் களப்பு. கறுப்புச் சேறு அங்கதான். நேத்து தெக்க மட்டும் தேடின ஒருத்தருட செருப்புல அந்தச் சேறு எப்படி வந்திச்சி?"

நேற்று வெள்ளை ஜுப்பாவோடு பள்ளிக்குப் புறப்பட்ட அஹமட் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"படகக் களப்புக் கண்டல் காட்டுக்குள்ள கட்டி வச்சிருக்கேன்," என்றான் கடைசியில். "றொபியத் தூக்கினா அந்த வேல என்ட மச்சானுக்குக் கிடைக்கும் எண்டு நினச்சேன். பூட்டின அறைக்குள்ள சாட்சி இரிக்கும் எண்டு யாருக்குத் தெரியும்?"

"றொபிக்கிட்டப் போய் உங்கட வாயாலயே சொல்லுங்க. பொறகு ஹோட்டல் சாவியத் தந்துட்டுப் போங்க," என்றாள் மர்ளியா. அவன் எழுந்து போனான்.

அவள் நேராகக் கமீலாவிடம் வந்தாள். நேற்றுப் பொய்க்காரி என்று எல்லோர் முன்னாலும் கத்திய வாய் அது.

"பிழை என்டது, புள்ள. கமீலா, நீ நேத்து எங்க நிண்டு பாத்தாய்?"

"இங்க, ராத்தா. தும்புத்தடியால கூட்டிக்கொண்டு."

மர்ளியா அதே இடத்தில் போய் நின்றாள். சுவரில் தலைகீழான இரண்டு மனிதர்கள் எதிரெதிரே நின்றார்கள். நீலச் சட்டைக்காரன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மணலில் குந்தினான்.

"அழுறான் ராத்தா," என்றாள் கமீலா.

"ஓம்," என்றாள் மர்ளியா. "எனக்கும் தெரியுது."