ஹாலில் ஒரு பிளக்

ஐப்பசி பிறந்ததுமே குந்தவை போன் செய்தாள்.

"பாய், மழை வர்றதுக்குள்ள வீட்டுக்கு ஒரு ஜெனரேட்டர் வச்சுக் குடுங்க. கரண்டு போனா அவரு மூச்சு மெஷின் நின்னுடுது. போன வாரம் பத்து நிமிஷம் போச்சு, உதடெல்லாம் நீலமாயிட்டு."

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே இருக்கும் அந்த வீட்டுக்கு, கஜா புயலுக்குப் பிறகு நான் போனதில்லை. போகப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு மனுஷனின் மூச்சு விஷயம். மதியம் சாப்பிட்டுவிட்டு, நான் வாடகைக்கு விடும் ஜெனரேட்டர் ஒன்றை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

முன்னறைக் கட்டிலில் குந்தவையின் கணவர் ராஜராஜன் கிடந்தார். இறால் பண்ணை முதலாளி. நுரையீரல் கெட்டுப்போய் மூக்கில் குழாய், பக்கத்தில் உர்ரென்று ஓடும் ஆக்ஸிஜன் மெஷின். என்னைக் கண்டதும் கையாட்டிக் கிட்டே கூப்பிட்டார்.

"நௌஷாத்து... ஹால் பிளக்குக்கு மட்டும் லைன் குடுக்காத."

ஏனென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கஜா அடித்த மறுநாள் அவருடைய அம்மா தர்மாம்பாள் இறந்துபோனார். சின்ன மகன் செந்தில்குமார் சிங்கப்பூரிலிருந்து வந்து முகம் பார்க்க வேண்டும். அதுவரை பிணத்தை வைக்க ஐஸ் பெட்டி வந்தது. ஊரே இருட்டு. என் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, ஹால் பிளக் வழியாகப் பெட்டிக்குக் கரண்டு கொடுத்தேன். சாயங்காலம் பண்ணை ஜெனரேட்டர் படுத்துவிட்டது. இறால் குளத்தில் காற்றைக் கலக்கும் சக்கரம் நின்றால் விடிவதற்குள் அத்தனையும் செத்து மிதக்கும். இருந்தது என்னுடைய ஒன்றுதான். அது இரண்டையும் தாங்காது.

"அம்மா இனிமே மூச்சு விடப் போறதில்லடா. இறால் விடும்ல? புடுங்கு," என்றார் ராஜராஜன்.

பிடுங்கினேன். இந்தக் கையால்தான்.

குளம் வீட்டுக்குப் பின்னால்தான். ஜெனரேட்டர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. பெட்டியின் வயரை வேறு, பார்வைக்கு இருக்கட்டும் என்று, செத்துப்போன பிளக்கிலேயே சொருகி வைத்திருந்தோம். செந்தில்குமார் வந்துசேர மூன்று நாளாயிற்று. அதற்குள் பெட்டிக் கண்ணாடி உள்ளே வியர்த்து, அடியில் மஞ்சளாகத் தண்ணீர் கசிந்து தரையில் ஓடியிருந்தது. கட்டுக் கட்டாக ஊதுபத்தி கொளுத்தியும் நாற்றம் அடங்கவில்லை.

"சீக்குல ஊதிப்போச்சுடா," என்று அண்ணன் தம்பியிடம் கூசாமல் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த வாரமே இறாலைப் பிடித்தார்கள். எனக்கும் ஒரு பை நிறையக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு போய்த் தின்றேன். அவரைச் சொல்லி என்ன, நானும் ஒரு மனுஷன்தானா?

மூன்று மணிக்கு வயரிங் முடிந்தது. ஹால் பக்கமே போகவில்லை. மின்விசிறி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மெஷினை மட்டும் வைத்து ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தேன். மீட்டர் ஒன்றரை ஆம்பியர் காட்ட வேண்டும்.

நாலு காட்டியது. வேறெதுவோ கூடவே கரண்டை இழுத்தது.

மெஷின் கீ கீ என்று கத்தத் தொடங்கியது. ராஜராஜனின் வாய் திறந்து திறந்து மூடியது. அவசரமாக மெயினுக்கு மாற்றினேன். அங்கே கரண்டே இல்லை. வெளியே மழை இறங்கியிருந்தது. மறுபடி ஜெனரேட்டருக்கே தள்ளினேன்.

"பாய், எதாச்சும் செய்ங்க!" என்று அலறினாள் குந்தவை.

ஹாலுக்கு ஓடினேன்.

கதவைத் திறந்ததுமே மூக்கில் அறைந்தது. அழுகிய இறால். அதன்மேல் ஊதுபத்தி.

பிளக்கின் மூன்று துளையிலிருந்தும் மஞ்சளாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

விரலை வைத்தேன்.

ஐஸ்.

லைனே கொடுக்காத பிளக். எதுவும் சொருகாத பிளக். அதுதான் இழுத்துக்கொண்டிருந்தது.

"குடுத்துடுங்க பாய்." குந்தவை என் முதுகுக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்தாள். "அத்தைக்குக் குடுத்துடுங்க."

யா அல்லாஹ் என்று ஜெனரேட்டரை ஒரு நிமிஷம் நிறுத்தி, ஹால் வயரை அதோடு முறுக்கிச் சேர்த்து, திரும்ப ஓட விட்டேன். நாற்றம் சட்டென்று நின்றது. மெஷின் கத்தாமல் ஓடியது. ராஜராஜனின் உதட்டில் சிவப்பு திரும்பியது. குந்தவை நீட்டிய டீயைக்கூடத் தொடாமல் நான் கிளம்பிவிட்டேன்.

வீட்டில் மூன்றாம் தடவையாகச் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன்.

"ரெண்டும் நல்லா ஓடுது பாய். ஹால்ல துளி வாடை இல்ல." குரல் ஒரு மாதிரி இருந்தது. "இப்ப மெஷின் குழாயிலதான் வருது. சில்லுன்னு, அதே நாத்தம். கழட்டு கழட்டுன்னு அழுவுறாரு. கழட்டுனா உதடு நீலமாயிடுது. மாட்டுனா ஓங்கரிக்கிறாரு. நான் என்ன செய்ய?"

பின்னால் அவர் குமட்டுவது கேட்டது. குமட்டலுக்கு நடுவே, ஒழுங்காக, மூச்சும் வந்துகொண்டிருந்தது. வேண்டியதுதான் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். எங்கள் சமையலறைப் பிளக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக மஞ்சள் தண்ணீர் விழுந்து தரையில் தேங்கியிருந்தது. பூனை வந்து மோந்து பார்த்தது. முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி பின்வாங்கியது.

இறால் என்றால் உயிரை விடும் பூனை அது.