புதுக் கணையத்துக்கு ஒரு விருந்து

காலையில் அரை தம்ளர் பால் குடித்ததோடு சரி, சஹர் தூங்கிப்போனாள். விருந்துச் சோறு ஒரு பருக்கை அவள் வாயில் படவில்லை. ஆனாலும் ஷாகிதாவின் ஃபோன், மகளின் சர்க்கரை 190 என்றது. பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி.

ஆறு வயது சஹரின் இடுப்பில் மாட்டிய இன்சுலின் பம்ப்புக்காகத்தான் இந்த விருந்தே. கையில் ஒட்டும் சென்சார் சர்க்கரையை அளந்து சொல்லும். அது ஏற ஏற, பம்ப் தானே சர்க்கரையைக் குறைக்கும் மருந்தைச் செலுத்தும். ஷாகிதாவின் கணவன் காலித், 'செயற்கைக் கணைய அறிமுக விழா' என்று அழைப்பிதழே அடித்துவிட்டான். குமணன்சாவடியிலேயே முதல் வீடு என்று அதில் ஒரு வரி. யார் போய் எண்ணினார்களோ! விரலில் குத்திப் பார்க்கும் பழைய கருவி பரண்மேல் ஏறிவிட்டது.

மழை இருட்டிய பிற்பகல். நெய் வாசமும் ஊதுவத்திப் புகையும் வீட்டுக்குள் கனத்துக் கிடக்க, சுவருக்கு அந்தப் பக்கம் கூடத்தில் மூன்றாவது பந்தி நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பந்தியிலும் வீட்டுக்காரர் உட்கார்ந்து, விருந்தாளிகளின் பெரிய தட்டிலேயே கூடச் சாப்பிட வேண்டும். காலித் அதில் குறை வைப்பவனல்ல.

"இன்னா மச்சான், ஒரு தட்டும் உடமாட்டே போலகீது! சுகர் வந்துரப் போவுது," என்றான் ஷாகிதாவின் தம்பி வசீம்.

"எனக்கா? நம்ம பரம்பரைக்கே கிடையாது மாப்ள. இதுவரைக்கும் ஒரு டெஸ்ட் எடுத்ததில்ல."

பரம்பரையின் ஒரே வாரிசு அடுத்த அறையில் படுத்திருந்தாள்.

ஃபோனில் 240.

ஷாகிதா மகளின் அறைக்குள் போனாள். மின்விசிறியின் கிறீச்சுக்குக் கீழே, போர்வைக்குள் ஏதோ சன்னமாக உறுமிற்று. பம்ப். வேலை செய்கிறது, அல்ஹம்துலில்லாஹ் என்று நெற்றியைத் தொட்டாள்.

ஈரம். சில்லென்ற ஈரம்.

சர்க்கரை ஏறினால் வாய் உலரும், தாகம் எடுக்கும். குளிர்ந்து வியர்ப்பது இறங்கும்போதுதான். இரண்டு வருடமாய் அவளுக்கு மனப்பாடம். பரணிலிருந்து பழைய கருவியை இழுத்தாள். பிஞ்சு விரலில் குத்தினாள். குழந்தை சிணுங்கவில்லை.

38.

ஃபோனில் 286.

சஹரின் சட்டைக் கையைச் சுருட்டினாள். ஒன்றுமில்லை. மறு கை. வெறும் தோல்.

காலையில் எல்லார் முன்னாலும் காலித் தன் கையில்தான் சென்சாரைக் குத்திக் காட்டினான். "பாருங்க, வலிக்கவே வலிக்காது! பாப்பாவுக்கு இன்னொண்ணு ஒட்டிடுவேன்." கைதட்டல். அந்தக் கைதட்டலிலேயே அந்தச் சென்சாரின் குறியீட்டு எண்ணையே பம்ப்பில் பதிந்து விழாவைத் தொடங்கிவைத்தான். அப்புறம் முதல் பந்திக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

குழாயைப் பிடுங்கினாள். சர்க்கரையைக் குழைத்து ஈறில் தேய்த்தாள். அது விழுங்கப்படாமல் கடைவாயில் வழிந்தது.

"என்னங்க!"

கூடத்தில் சிரிப்பு.

"என்னங்க, சஹர்..!"

"இரு ஷாகிதா, மாமு ஹல்வா ஊட்டுறாரு! இந்த ஒரு வாய்!"

ஃபோனில் 301.

கட்டிலடியில், பிடுங்கிப் போட்ட பம்ப் உறுமிற்று. குழாய் நுனியில் ஒரு சொட்டு திரண்டது. தரையில் விழுந்தது. இன்னொன்று திரண்டது. மடியில் சஹரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

கூடத்தில் கைதட்டினார்கள்.