நூற்றுப்பத்து ஓட்டும் ஓர் அட்டைப்பெட்டியும்

மதியம் 1.52.

“வேலைநிறுத்தம் அறுபத்திரண்டு. ஒப்பந்தம் நாற்பத்தெட்டு.”

தொழிலாளர் துறை அதிகாரியம்மா படித்து முடித்தார். அட்டைப்பெட்டி ஆலையின் கூட்ட அறைக் கூரை பறந்துவிடும்போல் ஆகிவிட்டது.

“முதுகுல குத்திட்டீங்களேய்யா!” முதலாளி மேஜையை ஓங்கித் தட்டினார். “நாலு மாசம் உக்காந்து பேசினோம். வரிக்கு வரி சரின்னீங்க. கடைசியில ஆளுங்ககிட்ட போய் மாத்திச் சொல்லிட்டீங்க!”

“நானா?” சங்கச் செயலாளரின் முகம் வெளுத்திருந்தது. பசை ஒட்டும் பிரிவில் இருபத்தாறு வருடம் நின்றவர். இதுவரை அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. “காலையில ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசினேன். முப்பது பேருக்கு மேல எதிர்ப்பு கிடையாது. இந்தக் கணக்கு எப்படி வந்துச்சுன்னு எனக்கே புரியல.”

ஜன்னலுக்கு வெளியே இரண்டு கட்சி. “சங்கத்தை முதலாளிக்கு வித்துட்டான்” என்றது ஒன்று. “வாயை மூடு” என்றது இன்னொன்று.

சரியாக நான்கு மணிக்குப் பெரிய மருந்துக் கம்பெனியின் ஆள் வருகிறார். மூன்று வருட ஆர்டர். போன வருடம் ஆலை இரண்டு முறை நின்று சரக்கு தாமதமானதால், கையெழுத்தான ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்த்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டார். ஆர்டர் போனால் ஆலை ஆறு மாதம் தாங்காது. அது முதலாளிக்கும் தெரியும், செயலாளருக்கும் தெரியும். அதனால்தான் ஒப்பந்தத்தில் இரண்டு பேரும் விட்டுக்கொடுத்திருந்தார்கள். புது மெஷினுக்கு மூன்றாவது ஷிஃப்ட் ஓட்டச் சங்கம் சம்மதித்தது. கான்ட்ராக்டில் இருக்கும் முப்பது பேரை நிரந்தரமாக்க முதலாளி சம்மதித்தார்.

அதிகாரியம்மா எண்ணிய சீட்டுகளைப் பார்த்தபடியே நின்றார். கனத்த கண்ணாடிக்காக அலுவலகத்தில் அவருக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். பெயர் வைத்தது யார் என்பதையும் அவர் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டிருந்தார்.

மின்விசிறிக் காற்றில் சில சீட்டுகள் வாயைப் பிளந்து படபடத்தன. மற்றவை அடங்கிக் கிடந்தன. சில நீளவாக்கில் குச்சிபோல் மடிந்திருந்தன. சில குறுக்கே மடிந்து சதுரமாகக் குந்தியிருந்தன.

அவருக்கு மூக்கில் வேர்த்தது.

2.05.

மேஜையில் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு கவர் இருந்தது. அச்சடித்த சீட்டு நூற்றைம்பது. ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுப்பத்து. மீதி நாற்பது அந்தக் கவரில். அதிகாரியம்மா கவரைக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து விழுந்தது வெறும் வெள்ளைத்தாள்.

“தப்பு என்மேலதான். கவரை நான் கையோட எடுத்துட்டுப் போயிருக்கணும்,” என்றார் பட்டென்று. சொல்லும்போது காது மடல் சிவந்தது. கண் மட்டும் மின்னியது. “இங்க களவு நடந்திருக்கு. எல்லாரும் அப்படியே இருங்க.”

“பெட்டி சீல் உடையலையே மேடம்?” என்றார் முதலாளி.

ஊருக்கெல்லாம் பெட்டி செய்கிறவர்கள் ஓட்டுப் பெட்டிக்கு வேறெங்கே போவார்கள்? அங்கேயே செய்த அட்டைப்பெட்டிதான். மேல்மூடியில் ஒட்டிய நாடாவின் மீது மூன்று கையெழுத்து. அதிகாரி, முதலாளி, செயலாளர். எண்ண ஆரம்பித்தபோது மூன்றும் முழுசாக இருந்தன.

அதிகாரியம்மா பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினார். பசையில்லாமல் நான்கு மடல்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்த அடிப்பாகம். கட்டைவிரலால் ஒரு அழுத்து. பொத்தென்று திறந்துகொண்டது.

“மேல மூணு பேர் காவல். கீழ வாசல் திறந்து கிடக்கு,” என்றார்.

செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். முதலாளியும் அதையேதான் செய்தார்.

2.15. விசாரணை.

ஓட்டுப்பதிவு பதினொன்றரைக்கு முடிந்தது. எண்ணிக்கை ஒன்றரைக்கு. இடையில் சாப்பாட்டு நேரம். அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் காவலாளி.

“யாரு உள்ள போனாங்க?”

“ஒரு ஈ, எறும்புகூட போகல மேடம்.”

“ஈ, எறும்பை விடுங்க. மனுஷங்க?”

காவலாளி தலையைச் சொறிந்தார். “மேனேஜர் ஐயா ஏதோ ஃபைல் தேடணும்னு போனாரு. கான்ட்ராக்டர் போன்ல சார்ஜ் இல்லேன்னு போனாரு. அவங்க நம்ம ஆளுங்கதானேன்னு…”

“எவ்வளவு நேரம்?”

“ஆளுக்கு அரை மணி இருக்கும். நான் கடிகாரத்தையா பாத்துக்கிட்டு உக்காந்தேன்?”

“நீங்க உள்ள போனீங்களா?”

“ஃபேனை நிறுத்தப் போனேன். கரண்ட் வீணாகுதுல்ல.”

ஆக மூன்று பேர். மேனேஜர் முதலாளியின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர். காவலாளியின் தம்பி மகன் வேலைநிறுத்தக் கட்சியில் முன்வரிசை. ஆலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் எப்போதும் சிரித்த முகம். இப்போதும் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“எனக்கென்ன மேடம் லாபம்?” மேனேஜர் எகிறினார். “வேலைநிறுத்தம் வந்தா முதல்ல என் தலைதான் உருளும். எங்கக்கா என்னை வீட்டுக்குள்ள விடுவாளா?”

“கோபப்படாதீங்க. நான் இன்னும் ஒண்ணும் கேக்கவே ஆரம்பிக்கல.”

2.30. அதிகாரியம்மா ஆலைக்குள் ஒரு சுற்று வந்தார். ஏறக்குறைய ஓடினார் என்றே சொல்ல வேண்டும். வெட்டும் மெஷின், பசை மெஷின், பெட்டி மடிக்கும் நீண்ட மேஜை. மேஜைக்கு மேலே சுவரில் ஆள் உயர எழுத்து: ‘நார் பார்த்து மடி’.

“இது என்ன?” என்றார்.

“முதல் நாள் பாடம் மேடம்,” என்றார் செயலாளர். “அட்டையோ தாளோ, உள்ள நார் ஒரு பக்கமா ஓடும். அதோட போக்குல மடிச்சா படிஞ்சு கிடக்கும். குறுக்க மடிச்சா வெடிக்கும், திரும்ப எழும்பும். இங்க எந்தப் பிரிவுக்குப் போறதா இருந்தாலும் முதல் மாசம் இந்த மேஜையிலதான்.”

அதிகாரியம்மா சுவரைப் பார்த்துச் சத்தமாகவே சிரித்துவிட்டார். செயலாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

2.45. மறுபடி கூட்ட அறை. ஜன்னல்களைத் திறந்துவிடச் சொன்னார். தொழிலாளர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஓட்டுச்சீட்டு வெட்டிய அதே தாளில் மிச்சமிருந்த மூன்று துண்டுகளை எடுத்தார். “மூணு பேரும் இந்த ரூம்ல என்ன செஞ்சீங்கன்னு ஆளுக்கு ஒரு வரி எழுதி, மடிச்சுக் கொடுங்க.”

காவலாளி எழுதினார். பழைய நாட்களில் பதினோரு வருடம் மடிக்கிற மேஜையில் இருந்து, முழங்கால் போனபின் வாசலுக்கு வந்தவர். தாளை லேசாக வளைத்துப் பார்த்தார். நீளவாக்கில் மடித்து நகத்தால் ஒரு இழு இழுத்தார்.

மேனேஜர் கோபத்தோடு எழுதினார். கோபத்தோடே மடித்தார். அதுவும் நீளவாக்கில், நகத்தால் ஒரு இழு.

கான்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். சீட்டைக் குறுக்கே இரண்டாக மடித்து நீட்டினார். மேஜையில் வைத்ததும் அது மெல்ல வாயைத் திறந்தது.

ஜன்னலில் யாரோ “அடேய்!” என்றார்கள்.

“பாத்துட்டீங்களா?” அதிகாரியம்மாவின் குரல் எகிறியது. ஓட்டுச்சீட்டுகளை இரண்டு குவியலாகப் பிரித்தார். “ஒப்பந்தம்னு போட்ட நாற்பத்தெட்டும் நார் பார்த்து மடிச்சது. வேலைநிறுத்தத்துல இருபத்திரண்டு நார் பார்த்து மடிச்சது. மிச்சம் நாற்பது குறுக்க மடிச்சது. கவர்ல காணாமப் போனதும் நாற்பது! மொத்தம் கூடலைன்னா, நிஜ ஓட்டு நாற்பது வெளிய போயிருக்கு. இந்த ஆலையில வேலை பாத்த கை, கண்ணைக் கட்டிவிட்டாலும் குறுக்க மடிக்காது. மேனேஜர்கூட மேஜையில நின்னு கத்துக்கிட்டவர்தான். ஆளை அனுப்பிட்டு ஆபீஸ்ல உக்கார்றவருக்கு மட்டும் அது தெரியாது.”

எல்லோர் கண்ணும் கான்ட்ராக்டர் மீது திரும்பியது.

“முப்பது பேரும் நிரந்தரமாயிட்டா உங்களுக்கு இங்க வேலையே இல்ல. தலைக்கு இவ்வளவுன்னு வர்ற கமிஷன் நின்னு போகும். ஒப்பந்தம் உடைஞ்சாதான் உங்க பிழைப்பு. இல்லையா?”

கான்ட்ராக்டரின் சிரிப்பு குறையவில்லை. “தாளை எப்படி மடிச்சேன்னு பாத்து ஜெயில்ல போடுவீங்களா மேடம்? காதுல பூ சுத்தாதீங்க. நிஜ ஓட்டு நாற்பதைக் காட்டுங்க, ஒத்துக்கறேன்.”

ஜன்னலுக்கு வெளியே வேலைநிறுத்தக் கட்சியும் முணுமுணுத்தது. “ஆமா, காட்டட்டும். தோத்ததும் ஒரு கதை சொல்றாங்களோ?”

அதிகாரியம்மா ஒரு கணம் கண்ணை மூடினார். மதியம் யாரும் கேட்டைத் தாண்டவில்லை என்று சுற்றிவந்தபோதே விசாரித்திருந்தார். நாற்பது சீட்டு. அட்டைப்பெட்டி ஆலையில் காகிதத்தை எங்கே ஒளிப்பான் ஒருவன்?

“கழிவுத்தாள்!” என்று கத்தினார். “கழிவு லாரி எப்போ போகும்?”

“மூணு மணிக்கு,” என்றார்கள் முதலாளியும் செயலாளரும் ஒரே குரலில்.

2.58.

முதலாளி ஓடினார். செயலாளர் ஓடினார். இருபத்தாறு வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே திசையில் ஓடியது அன்றைக்குத்தான். முதலாளிக்குத் தொப்பை, செயலாளருக்கு மூச்சிரைப்பு. ஆனாலும் லாரி கேட்டை நெருங்குவதற்குள் ஒருவர் முன்னாலும் ஒருவர் பக்கவாட்டிலும் போய் நின்றுவிட்டார்கள்.

“நிறுத்து! எல்லாச் சிப்பத்தையும் இறக்கு, பிரி!”

“ஐயோ, பிரிக்காதீங்க!” என்றது ஒரு பெண் குரல். கழிவுத்தாளைச் சிப்பமாகக் கட்டும் மெஷினில் நிற்கும் அம்மா. ஒன்பது வருடமாகக் கான்ட்ராக்டில் இருப்பவர். அவருக்கு ஓட்டும் இல்லை. “மறுபடி கட்டுறதுக்குள்ள என் இடுப்பு ஒடிஞ்சிரும்.”

சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்திருந்தார். அதிகாரியம்மா அந்தப் பையைப் பார்த்தார். பின்னால் மெதுவாக வந்து நின்ற கான்ட்ராக்டரையும் பார்த்தார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“இன்னிக்கு மடிச்ச தாள் ஏதாவது கழிவுல வந்துச்சாம்மா?”

அந்த அம்மா கான்ட்ராக்டரை ஓரக்கண்ணால் பார்த்தார். “சொன்னா நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா மேடம்?”

“இருக்கும்மா. முதலாளி நான் சொல்றேன்,” என்றார் முதலாளி இரைத்துக்கொண்டே.

அந்த அம்மா செயலாளர் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கண்ணே.”

முதலாளிக்குச் சுருக்கென்றது. “என்னம்மா இது? சம்பளம் குடுக்கிறவன் நான் சொல்றேன், அவரைப் பாக்கிறே?”

“கோச்சுக்காதீங்க ஐயா. நாலு வருஷத்துக்கு முன்னாடியும் நிரந்தரம்னு சொன்னீங்க. நல்ல மனசோடதான் சொன்னீங்க, அப்புறம் மறந்துட்டீங்க. நான் தனி ஆளு, யார்கிட்ட போய் ஞாபகப்படுத்துவேன்? அண்ணன் சொன்னா மறக்க முடியாது. நூத்திப்பத்து பேர் அவரைக் கேப்பாங்க.”

லாரி டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார்.

“வேலை இருக்கும்க்கா,” என்றார் செயலாளர். “இல்லேன்னா இங்க ஒரு மெஷினும் ஓடாது.”

முதலாளி அவரை முறைத்தார். பிறகு அதிகாரியம்மாவிடம், “அதையும் ஒப்பந்தத்துல எழுதிக்கோங்க,” என்றார்.

அந்த அம்மா பையைத் திறந்தார். டப்பாவுக்கு அடியிலிருந்து வெளியே வந்தன நீளவாக்கில் மடித்த சீட்டுகள்.

“வெட்டுக்கழிவு மடிச்சு வராது மேடம். இது மடிச்சு வந்துச்சு. இந்தக் கான்ட்ராக்டர்தான் சட்டைக்குள்ளருந்து எடுத்துக் கொட்டி, அள்ளிப் போடுன்னாரு. எனக்கு ஓட்டு இல்லேன்னாலும் ஓட்டுன்னா என்னன்னு தெரியாதா? மெஷின்ல போட மனசு வரல. சொல்லவும் பயம்.”

3.20. கேட்டருகிலேயே, எல்லோர் முன்னாலும் எண்ணினார்கள். சீட்டு நாற்பது. முப்பத்தாறு ஒப்பந்தம், நாலு வேலைநிறுத்தம்.

“பாக்காமலேயே அள்ளியிருக்கீங்க,” என்றார் அதிகாரியம்மா கான்ட்ராக்டரிடம். “உங்களுக்கு வேணும்கிற ஓட்டையே நாலு திருடியிருக்கீங்களே!”

முதலில் சிரித்தது வேலைநிறுத்தக் கட்சிதான். தங்கள் நான்கு ஓட்டும் திரும்பிவந்த பிறகு அவர்களுக்குச் சந்தேகம் மிச்சமில்லை. ஒப்பந்தம் எண்பத்துநாலு, வேலைநிறுத்தம் இருபத்தாறு. போலீஸ் வண்டி வரும்வரை கான்ட்ராக்டர் காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை காவலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

3.50. கையெழுத்து. அதிகாரியம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

4.00. மருந்துக் கம்பெனிக்காரர் வந்தார். ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். நிமிர்ந்து, “எல்லாம் சரி. போன வருஷமும் தேதி தவறாதுன்னுதான் சொன்னீங்க. இந்தத் தடவை நான் எதை நம்பறது?” என்றார்.

முதலாளி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுச் செயலாளரை உட்காரவைத்தார்.

“என் வார்த்தையை விடுங்க சார், அது மறந்து போகும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இவரைக் கேளுங்க. இவர் முடியாதுன்னு சொன்ன தேதியை நானும் சொல்ல மாட்டேன். சரின்னு சொன்னா, நூத்திப்பத்து பேர் பின்னாடி நிப்பாங்க.”

“நூத்தி நாப்பது,” என்று திருத்தினார் செயலாளர்.

முதலாளி கண்ணாடிக் கதவுக்கு அப்பால், சிப்ப மெஷினை மறுபடி ஓட்டத் தொடங்கியிருந்த அந்த அம்மாவைப் பார்த்தார்.

“நூத்தி நாப்பது,” என்றார்.