குறுக்கே நின்ற கைப்பிடி

வால்வை மூடிப் பத்து நிமிடம் ஆகியும் படகின் கழிப்பறைக் கிண்ணத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

வேகமாக ஏறவில்லை. முதலில் சின்னவள் அதைக் கவனிக்கவே இல்லை. பழைய ஹோஸின் கவ்விகளைத் தளர்த்துவதில் மும்முரமாக இருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது, தான் பம்ப் அடித்து வற்ற வைத்த கிண்ணத்தின் அடியில் கை நிறைய அள்ளும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. ஹோஸில் மிச்சம் இருந்தது இறங்கி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். கறுப்பு டேப்பில் ஒரு துண்டைக் கிள்ளி, தண்ணீர் நின்ற மட்டத்தில் கிண்ணத்தின் உட்சுவரில் ஒட்டினாள். இரண்டாவது கவ்வியைக் கழற்றிவிட்டுத் திரும்பினால் டேப் தண்ணீருக்குள் இருந்தது.

"என்னடி சத்தத்தையே காணோம்? உள்ளயே குடும்பம் நடத்துறியா?" மேல்தளத்திலிருந்து அக்கா கேட்டாள்.

"கவ்வி துரு பிடிச்சிருக்குக்கா."

"பிடிக்காம? உப்புத்தண்ணி ஒரு பக்கம், வக்கீலோடது ஒரு பக்கம். கடல்ல போறவனெல்லாம் ராஜா மாதிரி போறான். அவன் போறதை அள்ளத்தான் நாம."

சின்னவள் சிரித்தாள். அந்தச் சின்ன அறைக்குள் தன் சிரிப்பு தனக்கே ஒட்டாமல் கேட்டது.

படகு ஒரு வக்கீலுடையது. ராத்திரி படகிலேயே தூங்கி எழுந்தால் கழிப்பறைத் தரை ஈரமாக இருக்கிறது, நாற்றம் தாங்கவில்லை என்று ஃபோனில் சொல்லியிருந்தார். கழிவு வெளியேறும் ஹோஸை மாற்ற வேண்டும், பம்ப்பின் அடியில் வாஷர் போட வேண்டும். அரை நாள் வேலை. கடல்நீர் உள்ளே வராமல் அடைக்கும் வால்வு, கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஓர் அலமாரிக்குள் இருந்தது. கதவை உள்ளிருந்து சாத்தினால்தான் அலமாரி திறக்கும். முழங்காலை மடக்கி, ஒரு தோளைச் சுவரில் ஒட்டி, மற்றக் கையை மட்டும் உள்ளே விட வேண்டும். அக்காவின் உடம்புக்கு அது நடக்காது. அத்தான் இருந்த காலத்திலிருந்தே இந்த மாதிரி பொந்துகளெல்லாம் சின்னவளுக்குத்தான்.

தலையில் மாட்டியிருந்த விளக்கை வால்வின் பக்கம் திருப்பினாள். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றது. குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது, குழாயோடு நீளவாக்கில் நின்றால் திறந்திருக்கிறது. படகில் வேலை செய்யும் எல்லோரும் முதல் நாள் கற்றுக்கொள்வது அது.

அவள் அதோடு விடவில்லை. நட்டைக் கழற்றிக் கைப்பிடியையே உருவி எடுத்தாள். உள்ளே தெரிந்த தண்டின் முனையில் ஒரு மெல்லிய கீறல் உண்டு. உள்ளே தண்ணீரை அடைக்கும் உருண்டை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அந்தக் கீறல்தான் உண்மையைச் சொல்லும். கைப்பிடி பொய் சொல்லலாம். ஒரு வருடமாக அவள் தொட்ட ஒவ்வொரு வால்விலும் இப்படிக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "பொறுப்பு வந்துடுச்சு என் தங்கச்சிக்கு. அந்த மனுஷனுக்கு இதுல பாதி இருந்திருந்தா இன்னைக்கு உக்காந்து டீ குடிச்சிட்டு இருப்பாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சின்னவள் குனிந்து எதையாவது தேடுவாள்.

கீறல் குறுக்கே இருந்தது. வால்வு மூடித்தான் இருந்தது. கைப்பிடியைத் திரும்பக் குறுக்கே மாட்டினாள்.

கிண்ணத்தில் தண்ணீர் இன்னும் ஒரு விரல் ஏறியிருந்தது.

இது அந்தப் படகு இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தப் படகைத் துண்டு துண்டாக அறுத்துவிட்டார்கள். அறுத்ததை அவளே பார்த்தாள்.

போன வருடம் வேலை பார்த்த அந்தப் படகின் வால்வு ஒரு சுவர்ப்பலகைக்கு மிக நெருக்கமாக இருந்தது. புது ஹோஸைச் சொருகக் கைப்பிடி இடித்தது. கழற்றினாள், சொருகிப் பார்த்தாள், திரும்ப மாட்டினாள். மாட்டும்போது கால்வட்டம் தள்ளி மாட்டிவிட்டாள். அப்போது கடல் வற்றி, படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரும் வராததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஹோஸ் அளவு சரியில்லை, நாளைக்கு வேறு வாங்கிப் போடலாம் என்றார் அத்தான். ஹோஸை உருவி வைத்துவிட்டு, கைப்பிடியைக் குறுக்கே திருப்பினார். ராத்திரி கடல் ஏறும்போது பக்கத்தில் ஆள் வேண்டும் என்று அங்கேயே படுத்துக்கொண்டார். "நீ வீட்டுக்குப் போம்மா. மூடியாச்சுல்ல, நான் பார்த்துக்கிறேன்" என்றார். அதுதான் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது.

காலையில் படகின் கூரை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

தூக்கிக் கரையில் வைத்தபோது, சாமான்களை அடையாளம் காட்ட, ஒல்லியானவள் என்று அவளைத்தான் முதலில் உள்ளே இறக்கினார்கள். உள்ளே போனவள் வால்வைப் பார்த்தாள். கைப்பிடி குறுக்கே நின்றது. தண்டின் கீறல் நீளவாக்கில் இருந்தது. அவளுக்குப் புரிந்தது. இடுப்பில் ஸ்பேனர் இருந்தது. ஒரு நட். அரை நிமிடம். கைப்பிடியை அதன் சரியான இடத்தில் மாட்டினாள். இப்போது அதுவும் நீளவாக்கில் நின்றது, திறந்த வால்வைப் போல.

துறைமுக அதிகாரி எழுதிக்கொண்டு போனார். இறந்தவர் வால்வை மூட மறந்து தூங்கிவிட்டார். கவனக்குறைவு.

ஒன்று மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. அந்தப் படகின் தரைப்பலகைகள் அத்தனையும் தூக்கி, வரிசையாக இருக்கைகளின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பலகைகளுக்கு அடியில் இருந்த குழியில், இரண்டு கட்டைகளுக்கு நடுவே கால் சிக்கி அத்தான் கிடந்தார். மூட மறந்தவர் விழித்ததும் நேரே வால்வுக்கு ஓட வேண்டியதுதானே, எதற்குப் பலகையெல்லாம் தூக்கினார் என்று அக்கா இன்றைக்கும் சோறு போடும்போது கேட்பாள், யாரையும் பார்க்காமல்.

சின்னவளுக்குத் தெரியும். அவர் எழுந்ததும் முதலில் வால்வைத்தான் பார்த்திருப்பார். கைப்பிடி குறுக்கே நின்றிருக்கும். மூடித்தானே இருக்கிறது என்று நம்பி, தண்ணீர் வரும் ஓட்டையை இருட்டில் வேறெங்கோ தேடினார். ஒவ்வொரு பலகையாக.

"சின்னி, வெந்நீர் ஆறிப்போச்சுடி. ஹோஸ் கல்லு மாதிரி இருக்கு, சூட்டுல முக்காம நுழையாது. வாட்ச்மேன் ரூம்ல கெட்டில் இருக்கு, போய்ப் போட்டுட்டு வரேன்."

"சரிக்கா."

"பயமா இருக்கா?"

"பட்டப்பகல்ல என்னக்கா பயம்."

"இல்ல, குரல் ஒரு மாதிரி இருக்கே, அதான் கேட்டேன்."

அக்கா இறங்கியபோது படகு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. வட்டச் சன்னல் வழியாக, பிளாஸ்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு அக்கா படகுத்துறைப் பாலத்தில் நடந்து போவது தெரிந்தது. மதிய வெயிலில் பலகைப் பாலம் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. தூரத்தில் யாரோ எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார்கள். படகின் வயிற்றில் தண்ணீர் தட்டித் தட்டி ஓய்ந்தது. சோப்பு, துரு, பழைய மூத்திரம், அதற்கெல்லாம் அடியில் வற்றிய சேற்றின் மணம். தண்ணீர் நிறைந்து நிற்கும் நேரத்தில் சேற்று மணம் ஏன் வருகிறது என்று யோசித்தபடியே வாஷரைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், படகின் முன்னறையில், ஒரு பித்தளை வளையம் நிமிர்ந்து 'டிக்' என்றது.

தரைப்பலகை ஒவ்வொன்றிலும் விரல் நுழைத்துத் தூக்க ஒரு வளையம் உண்டு.

ஈரப் பலகை தன் இடத்தை விட்டுப் பிரியும் சத்தம் கேட்டது. சேற்றிலிருந்து காலை உருவுவது போல. பிறகு, அதை அலுங்காமல் எதன் மேலோ சாய்க்கும் சத்தம்.

அவள் அசையவில்லை. யாராவது ஏறினால் படகு சாயும். சாயவில்லை. சன்னலைப் பார்த்தாள். பாலத்தின் கோடியில் அக்கா வாட்ச்மேன் அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தாள்.

டிக்.

இரண்டாவது பலகை. இன்னும் கொஞ்சம் பக்கத்தில். தூக்கிய பிறகு, தண்ணீருக்குள் கை துழாவுவது மட்டும் கேட்டது. நிதானமாக, மூலை மூலையாக, தன் வேலை தெரிந்த ஒரு கை. கிடைக்கவில்லை என்று ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சை அவளுக்குத் தெரியும். தொலைந்த ஸ்க்ரூவைத் தேடும்போது அத்தான் விடுவது.

டிக்.

கதவைத் திறக்க வேண்டும் என்று நினைத்தாள். திறந்தால் பார்க்க வேண்டும். அலமாரிக்குள் கையை விட்டு வால்வின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். குறுக்கே. மூடியிருக்கிறது. மூடித்தான் இருக்கிறது. கிண்ணம் நிறைந்து வழிந்து தொடையை நனைத்தது. சில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

டிக். பலகை. துழாவல். பெருமூச்சு.

ஆறு. ஏழு.

சொல்லிவிடலாம். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே சொல்லிவிடலாம். அங்கே இல்லை அத்தான், இங்கே. நான்தான். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு, கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

எட்டு.

கதவை ஒட்டி ஒரு பலகை தூக்கப்பட்டது. கதவின் அடி இடுக்கு வழியாக வந்த வெளிச்சம் மங்கியது.

அப்போது படகு சாய்ந்து நிமிர்ந்தது. மேல்தளத்தில் அக்காவின் செருப்புச் சத்தம். உள்ளே எல்லாம் ஓய்ந்தது. சின்னவளுக்குக் கண்ணீர் வந்தது. படிகளில் அக்கா இறங்கும் சத்தம் கேட்டது. இறங்கிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"என்னடி இது? பலகையெல்லாம் தூக்கி வச்சிருக்க?"

சின்னவள் கதவைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"நான்தான்க்கா. கசிவு எங்கேன்னு பார்க்கலாம்னு."

அக்கா பிளாஸ்கைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அவரும் இப்படித்தான் வச்சிருந்தாரு. வளையம் வெளிப்பக்கம் பார்த்தாப்ல, ஒண்ணு மேல ஒண்ணு இடிக்காம. மத்தவன் படகு, கீறல் விழக்கூடாதுன்னு. தண்ணி கழுத்துக்கு வர்ற நேரத்துல கூட." குரல் தாழ்ந்தது. "எதுக்குடி தூக்கினாரு? உனக்குத் தெரியுமா?"

வழக்கமாக யாரையும் பார்க்காமல் கேட்கும் கேள்வி. இன்று அக்கா அவளையே கேட்டாள். ஒரு கதவு மட்டும்தான் நடுவில். பார்க்காமலே சொல்லிவிடலாம். இதைவிட நல்ல நேரம் வாழ்நாளில் வராது.

"தெரியாதுக்கா."

அந்தப் பக்கம் தண்ணீர் சலசலத்தது.

"ஐயோ" என்றாள் அக்கா. சத்தமாக இல்லை. சூடான பாத்திரத்தைத் தொட்டுவிட்டவள் போல. பிறகு மூச்சு. பிறகு, யாருக்கோ பதில் சொல்வது போல, "ம்" என்றாள். இன்னொரு "ம்". வீட்டில் அத்தான் சாப்பிட்டுக்கொண்டே எதையாவது சொல்லும்போது அடுப்பைப் பார்த்தபடி அவள் கொட்டும் அதே "ம்".

"அக்கா?"

கதவில் காதை ஒட்டினாள்.

"அக்கா, யார்கிட்ட பேசுற?"

"சின்னி." அக்காவின் குரல் தரைக்கு மிகக் கிட்டத்திலிருந்து வந்தது. அதில் பயமே இல்லை. "வெளிய வாம்மா. வால்வு மூடித்தானே இருக்கு, அப்புறம் எங்கேர்ந்து தண்ணி வருதுன்னு கேக்குறாரு. எனக்குச் சொல்லத் தெரியல. நீ வந்து சொல்லு."

சின்னவள் தாழ்ப்பாளைத் தொடவில்லை. நிறைந்து வந்த தண்ணீரின் கனத்தில் அது தானாகவே விலகியது. கதவு மெல்லத் திறந்தது.

தரையே இல்லை. பலகைகள் அத்தனையும் சுவரோரம் சாய்ந்திருக்க, படகின் நீளத்துக்கும் கறுப்புத் தண்ணீர் அசையாமல் நின்றது. இரண்டு கட்டைகளில் முழங்காலை ஊன்றி, கன்னம் தண்ணீரில் படும்படி அக்கா குனிந்திருந்தாள். அவள் வலக்கை தோள்வரை உள்ளே இருந்தது. முழங்கைக்குக் கீழே, ஊறி வெளுத்துச் சுருங்கிய ஐந்து விரல்கள் அந்தக் கையைப் பற்றியிருந்தன. இழுக்கவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவர் வந்தவரின் கையைப் பிடித்துக்கொள்வது போல, பிடித்துக்கொண்டிருந்தன.

அக்கா தலையை நிமிர்த்தாமல், தங்கைக்கு இடம்விட்டு, கட்டையின் மேல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் நகர்ந்த இடத்தில், சன்னல் வெயில் விழுந்த தண்ணீருக்கு ஒரு சாண் அடியில், அத்தான் கண்ணைத் திறந்தபடி, ஒரு குமிழிகூட எழாமல், வாயசைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.