இருபத்தேழாவது கசிவு

இந்தக் கதையில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. என் வாயில் இன்னும் விழாமல் நிற்கும் நான்கு பற்களின் மேல் சத்தியம். ஐந்தாவது பல் போன மாதம் விழுந்தது. அதற்கும் நான் முன்பு செய்த சத்தியங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கதாநாயகி என் சொந்தத் தங்கையின் மகள். நடந்த இடம் நூலகத்தின் வாசிப்பறை. அங்கே செய்தித்தாள் மேசையில் தினமும் உட்கார்ந்திருப்பவன் நான். ஆகவே எல்லாம் கண்ணால் கண்டது.

பெண்ணுக்கு இருபத்தொன்பது வயது. பகலில் குடிநீர் அலுவலகத்தின் கணினிகளைக் கட்டி மேய்க்கும் வேலை. மிச்ச நேரமெல்லாம் இணையவழி முனைவர் பட்டம்... தேசப் பாதுகாப்பும் இணையப் பாதுகாப்புக் கொள்கையும். பல்கலைக்கழகம் கடலுக்கு அப்பால் எங்கோ இருந்தது. நான்கு வருடம் படித்தும் அதன் வாசல் எந்தத் திசையில் என்று அவளுக்குத் தெரியாது. அரசு அலுவலகங்களிலிருந்து ரகசியம் எந்தெந்த வழியாகக் கசிகிறது, அடைக்க என்ன விதி வேண்டும் என்பதுதான் ஆய்வு. இருபத்தாறு வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

படிக்கப் படிக்கச் சந்தேகமும் வளர்ந்தது. வீட்டில் அவளுக்குப் பெயரே "சோதனைச்சாவடி". ஒருநாள் நான் போய்க் கதவைத் தட்டினேன். கதவிடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"என் பொறந்தநாளுக்குப் போன வருஷம் என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலையேம்மா..."

"சரி, உள்ள வாங்க. மாமாதான்."

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தட்டச்சு செய்யும்போது உதடு தானாக அசையும். சத்தமே வராது, உதடு மட்டும். இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. நான்கூடச் சொன்னதில்லை. பார்க்க நன்றாக இருக்கும்.

அன்று சனிக்கிழமை. மழை... கண்ணாடி ஜன்னலில் விழுந்து, வழி கேட்டுக் கேட்டு இறங்குவதுபோல் வழிந்துகொண்டிருந்தது. நனைந்த குடையோடு மூலை நாற்காலிக்கு வந்தவள் நின்றுவிட்டாள். அந்த வாசிப்பறையில் முதுகுக்குச் சுவர் இருந்த நாற்காலி அது ஒன்றுதான். பின்னாலிருந்து யாரும் திரையை எட்டிப் பார்க்க முடியாது. அதனால் அது அவளுடையது. அதில் நீலச்சட்டை போட்ட ஒருவன் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

"ஏங்க... இது நான் உக்கார்ற இடம்."

பதில் இல்லை.

"உங்களைத்தாங்க!"

ம்ஹூம். திமிரைப் பார்... மேசையில் விரலால் தட்டினாள். அவன் நிமிர்ந்தான். மழைநாள் வெளிச்சம் அப்படியே தங்கிவிட்ட கண்கள்... ஆனால் அந்தக் கண்கள் அவள் கண்களைப் பார்க்கவில்லை. உதடுகளைப் பார்த்தன.

அவளுக்குச் சுருக்கென்றது. "உங்ககிட்ட அடையாள அட்டை இருக்கா?"

அவன் நிதானமாக நூலக அட்டையை எடுத்து நீட்டினான். அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். படம் ஒத்துப்போனது. ஒத்துப்போனதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"உங்களுக்கு எதுக்கு இந்த மூலை?"

"முதுகுக்கு," என்றான். ஏற்ற இறக்கமே இல்லாத, தட்டையான குரல். பிறகு எழுந்து, அதே மேசையில் எதிர்ப்பக்க நாற்காலிக்கு மாறிக்கொண்டான்.

யோக்கியனுக்கு முதுகைப் பற்றி என்ன கவலை? அன்றைக்கே ஒரு குறிப்பேடு திறந்தாள். அதை நான் பிற்பாடு படித்தேன்.

'வாரம் மூன்று. அவனுக்குப் பின்னால் புத்தக அடுக்கு சரிந்து விழுந்தது. அத்தனை பேரும் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை. பயிற்சி பெற்றவன்.'

'வாரம் ஐந்து. இதுவரை கைப்பேசியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. தடயம் விடாதவன்.'

'வாரம் ஆறு. நான் ஒன்றுமே பேசாதபோது என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். சிரித்தால் கண்ணோரம் சின்னதாக ஒரு சுருக்கம் விழுகிறது. இந்தக் கடைசி வரிக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை. அடித்துவிட வேண்டும்.'

அடிக்கவில்லை.

சனிக்கிழமை வந்தால் தலைவாரிக்கொள்ளக் கூடுதலாக இருபது நிமிடம் ஆனது. கண்காணிப்பவள் கண்காணிக்கப்படுபவனுக்குச் சந்தேகம் வராதபடி இயல்பாகத் தோன்ற வேண்டும் என்று கண்ணாடிக்குச் சொல்லிக்கொண்டாள்...

எட்டாவது வாரம் அவன் ஒரு துண்டுத்தாளை மேசையின் குறுக்கே தள்ளினான்.

'உங்கள் கடவுச்சொல்: குடை, மிளகு, ஏழு, ஒட்டகம். தயவுசெய்து மாற்றிவிடுங்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. அந்த வசதி எனக்கு இல்லை.'

அவள் முகம் வெளுத்தது. கேமராவுக்கு ஒட்டுத்தாள், திரைக்கு மறைப்புப் படலம், முதுகுக்குச் சுவர்... இத்தனை இருந்தும் ஒட்டகம் வரைக்கும் போய்விட்டானே! நான்கு வருட உழைப்பு அந்த ஒட்டகத்துக்குப் பின்னால்தான் இருந்தது.

"இதை எப்படி எடுத்தீங்க? யாருக்கு வேலை பாக்குறீங்க?"

அவன் வாயைத் திறந்தான். சுற்றிலும் எல்லோரும் பார்ப்பதைக் கவனித்தான். மூடிக்கொண்டான்.

அவள் ஒன்பது பக்கத்துக்குப் புகார் எழுதினாள். நூலகர் அம்மா அதை வாங்கித் தராசில் போடுவதுபோல் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, விசாரணை முடியும்வரை அவன் அட்டையை நிறுத்திவைத்தார். அவன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. "சரி," என்றான். மழையில் குடை விரிக்காமல் போனான். ஜெயித்தவள் அவன் போன வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்... ஏனென்று தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமை வாய்மொழித் தேர்வு. ஆய்வேட்டை ஒருமுறை ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தார்கள். இதுவும் போனால் பட்டம் கிடையாது. தன் அறைக்குள் பூட்டிக்கொண்டு, நான்கு வருடத்தில் முதன்முறையாகக் கேமராவின் ஒட்டுத்தாளைப் பிய்த்தாள். திரையில் மூன்று பேராசிரியர்கள், மூன்று சதுரங்களில்.

இரண்டு மணி நேரம் சமாளித்தாள். கடைசியில் நடுச்சதுரம் கேட்டது: "இருபத்தாறு கசிவுகள் சொல்கிறீர்கள். நீங்கள் கவனிக்கத் தவறிய கசிவு எது?"

தெரிந்தால் தவறியிருப்பேனா? யோசித்தாள். யோசிக்கிற அவசரத்தில் கைபட்டு ஒலிவாங்கி அணைந்துபோனது.

"உங்க சத்தம் எங்களுக்கு வரலை," என்றது நடுச்சதுரம். "ஆனா ஏதோ சொல்லிக்கிட்டே இருக்கீங்க. உதடு அசையுதே."

உதடு...

மழைவெளிச்சக் கண்கள். திரும்பாத தலை. பேசாத கைப்பேசி. 'அந்த வசதி எனக்கு இல்லை.' எல்லாம் ஒரே நேரத்தில் வந்து அவள் நெஞ்சில் உட்கார்ந்தன.

ஒலிவாங்கியைப் போட்டாள். "இருபத்தேழாவது கசிவு நான்தான்," என்றாள். கதவை, சுவரை, திரையை எல்லாம் காவல் காக்கிற ஆள் தன்னைத் தானே பார்ப்பதில்லை என்பதையும் சொன்னாள். மூன்று சதுரமும் தலையாட்டின. ஆறு வாரத்தில் அதை ஓர் அத்தியாயமாக எழுதித் தந்தால் பட்டம்.

அவள் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நூலகத்துக்கு ஓடினாள்.

"அவருக்குக் காது கேக்காதும்மா," என்றார் நூலகர். "ஒம்பது வயசுல ஒரு காய்ச்சல்ல போயிடுச்சு. படங்களுக்கு அடியில எழுத்து வருதுல்ல... அது எழுதுற வேலை. நாளெல்லாம் வாயைப் பாத்துப் பாத்துப் பழகிடுச்சு. பின்னால ஆள் வந்தா தெரியாதுன்னுதான் அன்னிக்கு அந்த மூலையில உக்காந்தாரு."

"இதை ஏன் யாரும் எங்கிட்ட சொல்லலை?"

"நீ அடையாள அட்டைதானே கேட்ட? வேற என்ன கேட்ட?"

அவள் புகாரைத் திரும்பப் பெற்றாள். ஒன்பது பக்கத்தையும் நூலகர் எதிரிலேயே கிழித்தாள். சோதனைச்சாவடி ஒரு காகிதத்தைப் பத்திரப்படுத்தாமல் கிழித்ததை உலகம் அன்றுதான் பார்த்தது.

சனிக்கிழமை. மழை மறுபடியும் வந்தது... அதற்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். திரும்பக் கிடைத்த அட்டையோடு அவன் உள்ளே வந்தான். மூலை நாற்காலி காலியாக இருந்தது. அவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். முதுகைக் கதவுக்கும், மொத்த அறைக்கும், எனக்கும் காட்டிக்கொண்டு.

அவன் சுவரோரம் உட்கார்ந்து, அவளையே பார்த்தான்.

"உங்க முதுகு... கதவுப் பக்கம் இருக்கு."

"தெரியும்."

"பின்னால யாராவது வந்தா?"

"நீங்க பாத்துச் சொல்ல மாட்டீங்களா?"

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "சத்தம் ஏதாவது வந்தா நீங்க சொல்வீங்களா?"

"சொல்றேன்..." தலை குனிந்தது. உடனே அவனுக்காக நிமிர்ந்தது. "அன்னிக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"என் குரலைக் கேட்டாச் சிரிப்பாங்க. உங்க முன்னாடி மட்டும்... வேண்டாம்னு பாத்தேன்."

"நான் சிரிச்சேனா?"

"இல்லை. அட்டை கேட்டீங்க."

இருவரும் சிரித்தார்கள். அவன் கண்ணோரச் சுருக்கத்தை அவள் இந்தமுறை குறிப்பெடுக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்தாள். "கடவுச்சொல்லை மாத்தணும்," என்றாள். ஒவ்வொரு எழுத்தாக, மிக மெதுவாக, சத்தமில்லாமல் உதட்டை அசைத்துத் தட்டினாள்.

நீலச்சட்டைக்காரர்... மேல... எனக்கு...

அவன் காதுமடல் சிவந்தது. "கடைசி வார்த்தை சரியாத் தெரியலை. இன்னொரு தடவை."

"தெரிஞ்சுக்கிட்டேதானே கேக்குறீங்க?"

"எதையும் ரெண்டு தடவை உறுதிப்படுத்தணும்னு உங்க மூணாவது அத்தியாயத்துல இருக்கே."

யார் இருக்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமல், வாய்விட்டு, அறை முழுக்கக் கேட்கும்படி அவள் சொன்னாள்.

"காதல்!"

நாற்பது தலைகள் நிமிர்ந்தன. நூலகரின் முத்திரை கையிலிருந்து நழுவி உருண்டது. அந்த அறையில் அதைக் கேட்காதவன் ஒருவன்தான். அவன் பென்சிலை எடுத்து, ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசையின் குறுக்கே தள்ளினான்.

'இது ரொம்பப் பலவீனமான கடவுச்சொல். இப்போது ஊருக்கே தெரியும். இருந்தாலும்... இதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். என்னுடையதும் இதுதான்.'

இதில் விட்டுப்போன விவரம் ஒன்றே ஒன்று. என் பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை. எனக்குத் தங்கை கிடையாது.