நோனாசரில் மூன்றாவது வீடு

டிராமிலிருந்து பவானிபூரில் இறங்கியபோது வைத்தீஸ்வரன் ஒரு மரப்பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். துர்கா பூஜை முடிந்து பந்தல் மூங்கில்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மழைக்காலம் போய்விட்டது. சந்தில் மட்டும் ஈரச் செங்கல்லின் வாசனை போகவில்லை. அவன் குடியிருந்த மாடிக்கு ஏறும் படிக்கட்டு பகலிலும் இருட்டாகவே இருக்கும். சுவரைத் தொட்டால் விரலில் சில்லென்று ஒட்டும்.

மேலே காமு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காலையில் அவன் புறப்பட்டபோது எப்படி உட்கார்ந்திருந்தாளோ, அப்படியே. வேலை எதுவும் பாக்கியில்லை. சமைத்திருந்தாள், துணிகளை மடித்திருந்தாள், விளக்குக்குத் திரி போட்டிருந்தாள். எல்லாம் அவள் கைகள் செய்தவை. அவள் வேறெங்கோ இருந்தாள்.

ஆடி மாதம் பிறந்த குழந்தை அன்று சாயங்காலம்வரைகூட இருக்கவில்லை. காமு அழவில்லை. அவர்கள் கல்கத்தாவுக்கு வந்து ஏழெட்டு வருஷமாகக் காத்திருந்து பெற்ற குழந்தை அது. பிறகு ஒரு நாள் சாதம் வடிக்கும்போது கொதிக்கும் கஞ்சி மணிக்கட்டில் கொட்டியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தோல் சிவந்து கொப்புளம் எழுவதை, அடுத்த வீட்டு முற்றத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்தீஸ்வரன் பயந்தது அன்றைக்குத்தான். இவளும் போய்க்கொண்டிருக்கிறாள், உடம்பு மட்டும்தான் மிச்சம் என்று அவனுக்குத் தோன்றியது.

கீழ் வீட்டு வங்காளி அம்மாள், எல்லோருக்கும் மாசிமா, அவள்தான் வழி சொன்னாள். பூஜை முடிந்ததும் வங்காளிகள் 'சேஞ்ச்' என்று கிளம்பிவிடுவார்கள். மலைக்கோ கடலுக்கோ போய்க் காற்று மாற்றிக்கொண்டு வந்தால் எந்த வியாதியும் தணியும் என்பது அவர்கள் நம்பிக்கை. மருத்துவரும் கடல்காற்று என்றார். ஹூக்ளி நதி கடலில் கலக்கும் இடத்தைத் தாண்டி நோனாசர் என்றொரு தீவு. தென்னையும் வெள்ளை மணலுமாக இருக்கும் அந்தத் தீவில் மூன்று வீடுகளை வாடகைக்கு விடுபவர் நிபாரண் பாபு. படகுத்துறைக்கு அருகில் அவருடைய அலுவலகம். நீராவிப் படகு நீரேற்றம் பார்த்துத்தான் போகும், போய்வர இரண்டு நாளாகும். ஆகவே வீட்டை நேரில் பார்த்து முடிவு செய்வதென்பது நடவாத காரியம். நிபாரண் பாபு அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அதுதான் அந்த மரப்பெட்டி.

பெட்டிக்குள் இருந்தது ஸ்டீரியாஸ்கோப் என்ற கருவி. அதைப் பார்க்காதவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். நம் இரண்டு கண்களுக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. அதனால் வலக்கண் பார்ப்பதும் இடக்கண் பார்ப்பதும் ஒரே காட்சி அல்ல. பக்கத்திலிருக்கும் பொருளில் இந்த வித்தியாசம் பெரிது, தூரத்துப் பொருளில் சிறிது. மூளை இந்த இரண்டையும் ஒட்டவைத்து, வித்தியாசத்தை அளந்து, இது அருகில், அது தொலைவில் என்று சொல்லிவிடுகிறது. இரண்டு லென்ஸ் உள்ள காமிராவால் இரண்டு படம் எடுத்து ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஒவ்வொரு கண்ணுக்கும் அதனதன் படத்தை மட்டும் காட்டினால் மூளை ஏமாந்துபோகும். காகிதத்துக்குள்ளே ஆழம் திறக்கும். தென்னை மரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்க்கலாம்போல இருக்கும்.

முதல் இரண்டு வீடுகளும் நல்லவை. ஒன்று படகுத்துறைக்கு அருகில். மற்றொன்றில் நல்ல தண்ணீர்க் கிணறு. ஆனால் இரண்டு சமையலறையிலும் மீன் சமைத்திருக்கிறார்கள். காமு எத்தனை மரத்துப்போயிருந்தாலும் அப்படிப்பட்ட அடுப்பில் உலை வைக்கமாட்டாள். வைத்தீஸ்வரன் தயங்கித் தயங்கி அதைச் சொன்னபோது நிபாரண் பாபு வயிறு குலுங்கச் சிரித்தார். வங்காளத்தில் மீன் வேகாத அடுப்பு எங்கே இருக்கிறதென்று மீன்களைத்தான் கேட்கவேண்டும் என்றார். பிறகு சிரிப்பு நின்றது. கீழ் இழுப்பறையிலிருந்து மூன்றாவது அட்டையை எடுத்தார்.

கடற்கரையில் தனியாக நிற்கும் வீடு அது. அதன் அடுப்பு இதுவரை பற்றவைக்கப்பட்டதே இல்லை என்றார்.

வேறு யாராக இருந்தாலும், வாடகைக்கு விடும் வீட்டில் அடுப்பு ஏன் பற்றவில்லை என்று கேட்டிருப்பார்கள். வைத்தீஸ்வரனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. சுத்தமான அடுப்பு கிடைத்த சந்தோஷத்தில் கருவியையும் மூன்று அட்டைகளையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக விழுந்த இடத்தில் காமுவை உட்காரவைத்து, கருவியை எப்படிப் பிடிப்பதென்று காட்டினான். முதல் அட்டையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றாள். இரண்டாவதற்கும் அதே வார்த்தை, அதே குரல்.

மூன்றாவதை வைத்துக் கண்ணைப் பொருத்தியவள் எடுக்கவில்லை.

வெயில் தரையில் நகர்ந்தது. தெருவில் ஒருவன் பழைய பாத்திரம் கூவிக்கொண்டு போனான். அவள் மூச்சு மாறுவது வைத்தீஸ்வரனுக்குக் கேட்டது.

"யாரோ நிக்கறா," என்றாள்.

கேட்காமல் அவளாகப் பேசி மாதக்கணக்காகிறது.

"கையில என்னமோ வச்சிண்டிருக்கா. என்னதுன்னு தெரியலே."

அவன் வாங்கிப் பார்த்தான். கண்ணை மூடும் மரக்கூட்டுக்குள் பழைய பசையின் நாற்றமும், அதற்கடியில் உப்பு வாடையும் இருந்தன. படம் என்னவோ தவறாக இருந்தது. வீட்டுச் சுவர் வெளியே நிற்காமல், அச்சில் பதிந்த பள்ளம்போல உள்வாங்கியிருந்தது. கடல் வீட்டுக்கு முன்னால் தொங்கியது. வானம் அதற்கும் முன்னால். எல்லாவற்றுக்கும் முன்னால், மிக அருகில், முதுகு காட்டியபடி ஒரு பெண். புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. எதையோ மார்போடு ஏந்தியிருந்தாள்.

"இந்த ஆத்துக்கே போலாம்," என்றாள் காமு.

அவன் சரி என்றான். அவள் ஒன்றைக் கேட்டுவிட்டாளே, அது போதாதா.

ஆனால் மறுநாளும் அவள் அந்த அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மறுநாளும். அலுவலகத்திலிருந்து திரும்பினால் அடுப்பு எரிந்திருக்காது. கண்களைச் சுற்றி மரக்கூட்டின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருக்கும். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருக்கும். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். படுக்கச் சொன்னால் படுத்தாள். கூப்பிடாவிட்டால் அங்கேயே இருந்தாள்.

வைத்தீஸ்வரன் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் தீட்டுபவன். படங்களில் வரும் பிழைகள் அவனுக்குத் தெரியும். இந்த அட்டையின் பிழையைக் கண்டுபிடிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. காமிரா லென்ஸ் எந்த உருவத்தையும் தலைகீழாகத்தான் கண்ணாடித் தகட்டில் விழச்செய்யும். அச்சிட்டு நிமிர்த்திப் பிடித்தால் வலக்கண்ணுக்கான படம் இடப்பக்கம் வந்துவிடும். ஆகவே அச்சை நடுவே வெட்டி, இரண்டையும் இடம் மாற்றி ஒட்டவேண்டும். இதை ஒட்டியவன் அதை மறந்துவிட்டான். அப்படி மறந்தால் அருகிலிருப்பது தொலைவாகவும் தொலைவிலிருப்பது அருகாகவும் தெரியும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. வெறும் கத்தரிக்கோல் பிழை.

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்குக் கணக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக விளக்கினான்.

"அவ கிட்டக்க இல்லேடி காமு. இந்தப் படத்துல எல்லாம் தலைகீழ். கிட்டக்கத் தெரியறதெல்லாம் நெஜமா ரொம்பத் தூரத்துல இருக்கு."

காமு யோசித்தாள்.

"அவ்வளவு தூரத்திலேர்ந்தா வந்துண்டிருக்கா?"

அப்போதுதான் அவனே அதைக் கணக்கிட்டுப் பார்த்தான். படத்தில் அந்தப் பெண் வானத்துக்கும் முன்னால் நின்றாள். மாற்றி ஒட்டினால் வானத்துக்கும் பின்னால் போகவேண்டும். அப்படி ஓர் இடம் எந்த வரைபடத்திலும் கிடையாது. கடல் ஈரத்தில் காகிதம் இழுபட்டிருக்கும் என்று முடிவு செய்துகொண்டான்.

அட்டையை நீராவியில் காட்டிப் படங்களை உரித்தெடுத்தான். அலுவலகத்தில் வரைபடங்களைத் துணியில் ஒட்டுவதற்குக் காய்ச்சுவதுபோல மைதாவில் பூச்சி அரிக்காதிருக்கத் துளி மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சினான். வலப்படத்தை வலப்பக்கம், இடப்படத்தை இடப்பக்கம். மேலே ஒரு கனத்த புத்தகத்தை வைத்துக் காயவிட்டான்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போகவில்லை. மத்தியானம் ஜன்னல் வெயிலில் கருவியை எடுத்துப் பார்த்தான்.

பிழை சரியாகியிருந்தது. வீடு திடமாக முன்னால் நின்றது. அதன் பின்னால் மணல், மணலுக்குப் பின்னால் கடல், கடலுக்கும் வெகு பின்னால் வானம். ஒவ்வொன்றும் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது.

அந்தப் பெண் மட்டும் தன் இடத்துக்குப் போகவில்லை.

அவள் வீட்டுக்கு முன்னால் நின்றாள்.

படத்தின் விளிம்புக்கும் இப்பால் நின்றாள்.

மிக அருகிலிருக்கும் பொருளைப் பார்க்க நம் கண்கள் இரண்டும் உள்நோக்கித் திரும்பவேண்டும். மூக்கு நுனியைப் பார்க்கும்போது அப்படித்தான் வலிக்கும். வைத்தீஸ்வரனின் கண்கள் அப்படி வலித்தன. இப்போது அவள் முதுகு தெரியவில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஈரம் பளபளத்தது. கைகள் முன்னால் நீண்டிருந்தன.

கைகளில் ஒன்றுமில்லை.

கருவியைக் கீழே வைத்தான். பயம்கூட வரவில்லை. அடிபட்ட இடம் வலிக்கத் தொடங்குமுன் கொஞ்ச நேரம் மரத்திருக்குமே, அப்படி இருந்தது. காமு எதிரே உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருவியைக் கேட்டுக் கை நீட்டவில்லை.

"நோனாசர் வேண்டாம்," என்றாள் மெல்ல. "எங்கேயும் போகவேண்டாம்."

மறுநாள் வேலை முடிந்ததும் அவன் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனான். நிபாரண் பாபு அட்டையைக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, அட, சரிசெய்துவிட்டீர்களே என்று பாராட்டினார். கரையில் நின்ற பெண் யாரென்று வைத்தீஸ்வரன் கேட்டான். எந்தப் பெண் என்றார் அவர். கருவியை அவனிடம் நீட்டினார்.

வீடு, மணல், கடல், வானம். வேறு யாருமில்லை. இந்தப் படத்தைத் தானே கூட நின்று எடுக்கவைத்ததாகவும், அன்று கரையில் நண்டுகளைத் தவிர ஓர் உயிர் இல்லை என்றும் நிபாரண் பாபு சொன்னார்.

அப்போதுதான் வைத்தீஸ்வரன் கேட்டான், அந்த வீட்டு அடுப்பை ஏன் யாரும் பற்றவைக்கவில்லை என்று.

நிபாரண் பாபு வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். போனவர்கள் யாரும் தங்கியதில்லை, அதே படகில் திரும்பிவிடுவார்கள், காரணம் சொல்வதில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். போன வருஷம் ஒரு குடும்பம். திரும்பி வந்து இங்கே துறையில் இறங்கிய தாய் தன் குழந்தைகளை வரிசையாக நிற்கவைத்துத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாளாம். யாராவது காணாமல் போய்விட்டார்களா என்று இவர் ஓடிப்போய்க் கேட்டிருக்கிறார்.

"இல்லை பாபு," என்றார் நிபாரண். "எண்ணினால் ஒன்று கூடுதலாக வருகிறது என்றாள்."

டிராமில் அவன் ஜன்னலோரம் உட்காரவில்லை. பவானிபூரில் இறங்கும்போது விளக்கு வைக்கும் நேரம். சங்கு ஊதும் ஓசை வீட்டுக்கு வீடு எழுந்து அடங்கியது. மாசிமா வாசலில் நின்று அவனைப் பார்த்துச் சிரித்தாள். உன் பெண்டாட்டி இன்றைக்குப் பாடினாள், கீழேவரை கேட்டது, காற்று மாறாமலே குணமாகிவிட்டதே என்றாள்.

படிக்கட்டில் செங்கல் வாசனை இல்லை. உப்பு வாடை இருந்தது.

அறையில் காமு தலைவாரிப் பூ வைத்திருந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ரசம் கொதித்தது. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள், உண்மையாகவே அவனைப் பார்த்தாள். அந்தக் கண்களைத்தான் அவன் மழைக்காலம் முழுவதும் தேடிக்கொண்டிருந்தான். இதற்காக எதையும் கொடுத்திருப்பேனே என்று நினைத்தான்.

அவளுடைய ரவிக்கை மார்பில் நனைந்திருந்தது. மூன்று மாதமாக வற்றிக்கிடந்த பால்.

"காமு..."

"மெல்லப் பேசுங்கோ," என்று அவள் உதட்டில் விரல் வைத்தாள். "இப்பத்தான் கண்ணயர்ந்தது."

இடக்கையை மார்போடு மடித்து வைத்திருந்தாள். அந்த வளைவில் ஒன்றுமில்லை. புடவைத் தலைப்பு மட்டும் அங்கே பள்ளமாக அமுங்கியிருந்தது.

ரசம் பொங்கியது. காமு அடுப்பைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பிடிச்சுக்குங்கோளேன்."

வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் அந்தக் கண்கள் மறுபடி எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். கைகளை நீட்டினான். நீட்டிய கை கொஞ்ச நேரத்தில் தானே கனக்கும், தசைகள் களைத்துப்போவதால் வருவது அது, வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே விளக்கிக்கொண்டான்.

காமு குனிந்து, பதமாக வைத்துவிட்டு நகர்ந்தாள்.

சட்டைக் கை நனைந்தது. சில்லென்றிருந்தது.

அந்தக் கனம் ஒருமுறை நெளிந்து, அவன் மார்பை நோக்கித் திரும்பிப் படுத்துக்கொண்டது.