ஒரு கண்ணை மூடச் சொன்ன வேலை

மே மாதம் பதினான்காம் தேதி, புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு, சந்தையின் வாகன நிறுத்தத்துக்கு எதிரே உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில், உரிமையாளர் வெளியே சென்றிருந்த நேரத்தில், பதினேழு வயதுப் பெண் ஒருத்தி அதே வயதுப் பையன் ஒருவனை நேருக்கு நேர் பார்த்துத் தன் வலது கண்ணை மூடினாள். கடையின் வேலைமுறைப்படி அவள் செய்தது முற்றிலும் சரி. ஒழுங்கு கெட்டது அடுத்த நொடியில்தான்.

பையன் பதிலுக்குத் தன் கண் ஒன்றை மூடினான்.

"என்ன... கண்ணடிக்கிறீங்க?"

"நான் எங்கங்க அடிச்சேன்... நீங்கதான் முதல்ல அடிச்சீங்க."

"நான் அளவு எடுக்கிறேன்."

"கண்ணடிச்சா?"

அந்தக் கேள்வியில் குறும்பு இல்லை. உண்மையான சந்தேகம்தான் இருந்தது. குறும்பாக இருந்திருந்தால் அவள் திட்டித் தீர்த்திருப்பாள். சந்தேகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் காது வரை சிவந்து நின்றாள்.

மூக்குக்கண்ணாடி செய்வதற்குப் பவர் மட்டும் தெரிந்தால் போதாது. இரண்டு கருமணிகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதும் தெரிய வேண்டும். அளப்பவர் எதிரே உட்கார்ந்து, எதிராளியின் மூக்கின்மேல் சிறு ஸ்கேலை வைத்து, முதலில் ஒரு கண்ணையும் பிறகு மறு கண்ணையும் மூடிப் பார்க்க வேண்டும். மூடாமல் பார்த்தால் ஸ்கேலின் கோடு ஓரிடத்தில் நிற்காது. எழுதும் எண் பொய்யாகிவிடும். கடை அவளுடைய அத்தையுடையது. விடுமுறை தொடங்கிய நாள் முதல் அவள் அங்கே வேலை பார்த்துவந்தாள். அளவெடுத்துப் பழக அவளுக்குக் கிடைத்த முகங்கள் மூன்று: அத்தையின் முகம், அப்பாவின் முகம், கூரியர் கொண்டுவருபவரின் முகம். அவர்களில் எவருக்கும் இப்படிப்பட்ட கண்கள் இல்லை.

மழை விட்ட சாலையில் விளக்கொளி விழுந்ததுபோல் ஈரமாக, கறுப்பாக, எதையும் மறைக்கத் தெரியாத கண்கள்... கிட்டப்பார்வை உள்ளவர்கள் எவரைப் பார்த்தாலும் சற்று அதிக நேரம் பார்ப்பார்கள், அதற்கு வேறு பொருள் கிடையாது என்று அத்தை முன்பே எச்சரித்திருந்தாள். எச்சரிக்கை அவள் மூளை வரை ஒழுங்காகச் சென்றது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது.

"பழைய கண்ணாடி என்ன ஆச்சு?" என்று கேட்டாள், பேச்சை மாற்ற.

"பெயிண்ட் வாளிக்குள்ள விழுந்திடுச்சுங்க. எதிர்ல வண்டி நிறுத்துறதுக்குக் கோடு போடுறோமே... மாமாவோட கான்ட்ராக்ட். லீவுக்கு நான் கூட வேலை பாக்கிறேன்."

"சரி, ஆடாம உக்காருங்க."

"மறுபடியும் அடிப்பீங்களா?"

"அடிக்க மாட்டேன்."

அடிக்கவும் இல்லை. இரண்டு கண்களையும் அகலத் திறந்துவைத்துக்கொண்டு, கையை எட்டும் மட்டும் நீட்டி, அவன் புருவத்தையும் காதையும் பின்னால் தொங்கிய காலண்டரையும் மாறி மாறிப் பார்த்து, ஓர் எண்ணைக் குறித்தாள்.

கண்ணாடி தயாராகி வந்த நாளில் அத்தை கடையில் இருந்தாள். பையன் அதை மாட்டிக்கொண்டு எழுந்தான். எழுந்தவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"தரை கொஞ்சம்..." என்று தொடங்கினான்.

"புதுசுன்னா ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும், தம்பி. பழகலைன்னா திரும்பக் கொண்டு வாங்க." அத்தை மருமகள் பக்கம் திரும்பினாள். "இது நீ தனியா எடுத்த முதல் அளவு. இது மட்டும் திரும்பி வந்துச்சுன்னு வை... உங்கப்பாகிட்ட நான் வாயைத் திறக்க மாட்டேன். அவர் சொல்ற கணக்குப் படிப்பையே போய்ப் படி."

அவளுடைய கோடைக்காலம் முழுவதும் அந்த ஒரு வாக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பெண்களில் அவள் கடைசி. வீட்டில் அவளுக்குக் கடைக்குட்டி என்றுதான் பெயர். கடைக்குட்டியின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. கண் பரிசோதனைப் படிப்பு படிக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது அப்பா பேப்பரை மடிக்காமலே, "வீட்டுக்குப் பக்கத்துக் காலேஜ்ல கணக்குப் படிப்பு இருக்கே, அதைப் படி" என்றார். அப்பாவை மாற்றக்கூடியவள் உலகத்தில் அத்தை ஒருத்திதான். விடுமுறை முழுவதும் ஒரு புகாரும் வராமல் வேலை பார்த்தால் தன் அண்ணனிடம் பேசுவதாக அத்தை ஒப்புக்கொண்டிருந்தாள்.

"தரை எப்படி இருக்கு, தம்பி?"

பையன் அத்தையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "நல்லா இருக்குங்க" என்றான். வாசற்படியை இருமுறை தாண்டி வெளியே போனான்.

அதற்குப் பிறகு அவன் மிகவும் கர்வம் பிடித்தவனாகிவிட்டான் என்பது அவள் முடிவு. தெருவில் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். எதிரே வந்தாலும் அவள் தோளுக்கு அப்பால் பார்த்தான். ஒருநாள் அவள் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, தைரியத்தை எல்லாம் சேர்த்துக்கொண்டு, அவனைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். அவனும் சிரித்தான்... அவளைப் பார்த்து அல்ல. அவள் பக்கத்தில் விளம்பரத்துக்காக நிறுத்தி வைத்திருந்த, ஃப்ரேம் மாட்டிய அட்டை அழகியைப் பார்த்து. அதுவும் வாய் நிறைய.

அன்று மதியம் அட்டை அழகி கடையின் பின்புற அறைக்கு மாற்றப்பட்டாள். காரணம் கேட்ட அத்தையிடம், "தூசி படியுது" என்றாள்.

வாகன நிறுத்தத்தில் கோடுகள் போட்டு முடிந்த வரிசையில் முதல் வண்டிகள் வந்து நின்றன. நேராக நிற்க வேண்டியவை, காற்றடித்த பயிர்போல் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றன. ஓட்டுநர்கள் இறங்கி, தம் வண்டியைப் பார்த்து, பக்கத்து வண்டியைப் பார்த்து, தலையைச் சொறிந்தார்கள். அவள் அதைப் பார்த்து ரசித்தாள். கர்வத்துக்கு இது வேண்டியதுதான் என்றும் நினைத்தாள்.

மறுநாள் மழை வந்தது. மாமாவும் பையனும் நூற்கண்டும் தூரிகையுமாக ஓடிவந்து கடையின் முன்கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள். கண்ணாடிக் கதவின் வழியாக மாமாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கோடு நேரா வர ஆணியில நூலைக் கட்டுடான்னா, ஆணிக்குப் பக்கத்துல காத்துல கட்டுற. உங்கம்மா உன்னை என்கிட்ட வேலை கத்துக்க அனுப்பினாளா, என் தொழிலை முடிச்சுவைக்க அனுப்பினாளா?"

உள்ளே அவள் கையிலிருந்த துடைக்கும் துணி நின்றது.

ஆணிக்குப் பக்கத்தில்... அவள் தோளுக்கு அப்பால்... அட்டை அழகி. எல்லாம் ஒரே திசையில், ஒரே அளவு தள்ளி. அவன் ஒன்றை இரண்டாகப் பார்க்கிறான். கர்வம் அவன் கழுத்தில் இல்லை. பிழை அவள் எழுதிய எண்ணில் இருக்கிறது.

மாமா தூரிகைகளை நனையாமல் மூடிவைக்க அந்தப்பக்கம் நகர்ந்ததும் அவள் வெளியே வந்தாள்.

"கண்ணாடியைக் கழட்டுங்க."

"எதுக்குங்க?"

"கழட்டுங்க."

கழற்றினான். அந்தக் கண்கள் மிளகாய் பட்டவைபோல் சிவந்திருந்தன.

"தலை வலிக்குதா?"

"லேசா."

"எங்க?"

"தலை முழுக்க."

"எத்தனை ஆணி தெரிஞ்சது?"

"எத்தனைங்க இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கினாள். "ஏன் திருப்பிக் கொண்டு வரலை?"

"கொண்டு வந்தா உங்களைக் கணக்குப் படிக்க அனுப்பிடுவாங்களே." கண்ணைக் கசக்கினான். "பழகிடும்னு நினைச்சேன். அதுவும் இல்லாம..."

"அதுவும் இல்லாம?"

"ஒண்ணுமில்லைங்க."

"அன்னைக்கு அந்த அட்டைப் பொம்பளையைப் பாத்துச் சிரிச்சீங்களே?"

"அது அட்டையா?" அவன் முகத்தில் உண்மையான அதிர்ச்சி தெரிந்தது. "ரெண்டு பேரு நின்னீங்க. எது நீங்கன்னு தெரியலை. ஒண்ணை முடிவு பண்ணிச் சிரிச்சேன்."

மழை கூரையிலிருந்து நூல் நூலாக இறங்கியது. அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒரு வழி இருக்கு. கண்ணாடி கீழ விழுந்து உடைஞ்சிடுச்சுன்னு மாமாகிட்ட சொல்லிடறேன். புதுசுக்கு அளவு எடுத்துக்குங்க. யாருக்கும் தெரியாது." சொன்னதோடு நிற்காமல், கண்ணாடியைத் தரையில் வைத்து, மிதிப்பதற்குக் காலையும் தூக்கினான்.

அந்தக் காலுக்கும் தரைக்கும் இடையில் அவளுடைய படிப்பு முழுவதும் கிடந்தது. ஒரு மிதி... அவ்வளவுதான். அத்தை பேசுவாள், அப்பா சம்மதிப்பார். அவள் அந்தக் காலையே பார்த்தாள். அப்புறம், இன்னும் எத்தனை கண்ணாடிகளை எத்தனை பேரை விட்டு மிதிக்கச் சொல்வது என்ற நினைப்பு வந்தது.

குனிந்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "எங்க கடைக் கண்ணாடியை மிதிக்க நீங்க யாரு?"

நேரே அத்தையின் மேசைக்குப் போய் அதை வைத்தாள். "அத்தை, இது திரும்பி வந்திருக்கு. அவர் கொண்டு வரலை. நான்தான் கொண்டு வந்தேன். அளவு தப்பு."

அத்தை கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எப்படித் தப்பாச்சு?"

"ஒரு கண்ணை மூடலை."

"ஏன் மூடலை?"

"அவர் பாத்துக்கிட்டே இருந்தார்."

"அளவு எடுக்கிறப்போ உன்னைப் பாக்காம வேற எங்க பாக்கச் சொல்ற?"

"அதான் அத்தை... கஷ்டமா இருந்துச்சு."

அத்தை இப்போது கண்ணாடியை விட்டுவிட்டு மருமகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பவள்போல் பார்த்தாள். "பெயிண்ட்டும் கையுமா நிக்கிற பையன் உனக்கு அவரா? சரி. கூப்பிடு அவரை."

நனைந்த மாமாவும் கூடவே வந்து, நடக்கப்போவது என்னவென்று தெரியாமல் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தையின் முன்னிலையில் அவள் ஸ்கேலை வைத்தாள். வலது கண்ணை மூடினாள். பையனும் மூடினான்.

"டேய்," என்றார் மாமா, "என் முன்னாடியே கண்ணடிக்கிற?"

"வேணும்னு இல்லை மாமா. அவங்க மூடினா எனக்கும் மூடிக்குது."

"இப்படியே போனா நான் கடையைத்தான் மூடணும்," என்று அத்தை எழுந்து குடையை எடுத்தாள். "நீங்க வாங்க. எந்தக் கோடு எவ்வளவு கோணல்னு காட்டுங்க. தப்பு எங்க கடையோடது, நான் பாக்கணும்." மழையில் கோடு பார்க்கப் போவது அவசியமா என்று மாமா கேட்கவில்லை. அத்தையிடம் யாரும் கேட்பதில்லை.

கதவு மூடியது. ஸ்கேல் அவன் மூக்கின்மேல் இருந்தது.

"அதுவும் இல்லாமன்னு ஏதோ சொல்ல வந்தீங்க."

"இப்பவா?"

"சொல்லுங்க. ஆடாம சொல்லுங்க. அளவு தப்பிடும்."

"அந்தக் கண்ணாடியில எல்லாமே ரெண்டாத் தெரிஞ்சதுங்க. ஆணி ரெண்டு, மாமா ரெண்டு, வாளி ரெண்டு... நீங்களும் ரெண்டு. மத்ததை எல்லாம் திருப்பிக் குடுத்திருப்பேன். அது ஒண்ணைத்தான் குடுக்க மனசு வரலை."

அவள் வலது கண்ணை மூடிப் பார்த்தாள். இடது கண்ணை மூடிப் பார்த்தாள். இந்தமுறை அவன் இரண்டு கண்களையும் திறந்தே வைத்திருந்தான். எண்ணைக் குறித்தாள். பழைய எண்ணுக்கும் இதற்கும் ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம்.

"புதுக் கண்ணாடியில நான் ஒருத்திதான் தெரிவேன்," என்றாள், பேனாவைப் பார்த்துக்கொண்டு.

"போதும்ங்க."

"அன்னைக்கு அளவு தப்பினதுக்குக் காரணம்... எனக்கு வேலை தெரியாததால இல்லை."

"பின்ன?"

"உங்களைப் பிடிச்சிருந்துச்சு. அதான்."

அவன் ஆடாமல் உட்கார்ந்திருந்தான். அளவு எடுத்து முடித்துவிட்டதை அவனுக்குச் சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை.

அன்று மாலை எல்லாம் பேசி முடிவு செய்யப்பட்டது. கண்ணாடியைக் கடை தன் பொறுப்பில் மறுபடியும் செய்து தரும். கோணல் கோடுகளை மாமாவும் பையனும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள். நூல் பிடிக்க மறுமுனையில் அத்தையின் மருமகள் நிற்பாள், கோணலில் அவளுக்கும் பங்கு உண்டென்பதால். விடுமுறை முடியும்வரை அவள் எவருக்கும் தனியாக அளவெடுக்கக் கூடாது. அத்தை இரவு உணவுக்கு முன்பே அண்ணனிடம் பேசினாள்: "தப்பு பண்ணினா. நான் கேக்கிறதுக்கு முன்னாடி தானே வந்து சொன்னா. அடுத்தவங்க கண்ணை நம்பிக் குடுக்கிற வேலைக்கு அது போதும். அனுப்பு." அப்பா பேப்பரை மடித்தார், விண்ணப்பம் போடச் சம்மதித்தார். மற்ற விஷயத்தைப் பற்றி, இருவரும் படிப்பை முடிக்கும்வரை எந்த வீட்டிலும் எந்தப் பேச்சும் எடுக்கக் கூடாது என்று அத்தையும் மாமாவும் தீர்மானித்தார்கள். பையனும் அவளும் அதற்கு ஒப்புக்கொண்டார்கள். புதுக் கண்ணாடி வியாழக்கிழமை வரும் என்றும், அதைப் பையனுக்கு மாட்டிவிட்டு, காதோரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலை மட்டும் அவளுடையது என்றும் முடிவாயிற்று.